பதிவும் தேடலும்

வாணிகத்திற்கு முதற்பொருள் யாது என்று வினவினால், பணம் என்பர் சிலர். சரக்கு என்பர் சிலர். இவ்விரண்டும் நிரம்ப இருந்தும், வாங்குவார் இல்லையெனின் கடையைத் திறந்து வைத்தும் பயனில்லை. ஆதலின், "இப்பொருள் உங்களிடம் கிடைக்குமா? விலை யாது?" என்று ஒருவர் கேட்கும் கேள்வியே வாணிகத்தின் வித்து எனலாம். அவ்வித்தைச் சிந்தாமல் எடுத்து வைத்து, வேண்டிய காலத்தில் தேடி எடுத்து, உரிய மறுமொழி கூறி வளர்ப்பவரே அத்தொழிலில் நிலைபெறுவர். அங்ஙனம் எடுத்து வைப்பதற்கும் தேடி எடுப்பதற்கும் இக்காலத்தில் கணினி எவ்வாறு துணைபுரிகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மலையும் சமவெளியும்: கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. கோமுகி ஆறு அம்மலையில் தோன்றிச் சமவெளிக்கு இறங்குகிறது. அச்சமவெளியில் உள்ளது கள்ளக்குறிச்சி நகரம். முன்னர் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்நிலப்பரப்பு, 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. மலைமேல் வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர். மலைவாழ்வோர் என்பதே இங்கு அச்சொல்லின் பொருள். கேரள நாட்டவரை அது குறியாது. அவர்கள் சாமை, தினை, மரவள்ளி முதலியவற்றைப் பயிரிடுகின்றனர். கடுக்காய், தேன், புளி முதலியவற்றைத் திரட்டி விற்கின்றனர். சமவெளியிலோ மரச்சிற்பக் கலை சிறந்து விளங்குகிறது. தெய்வத் திருவுருவங்களும், வேலைப்பாடமைந்த கதவுகளும், சுவரில் பதிக்கும் சிற்பப் பலகைகளும் அங்கே உருவாகின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. ஓர் ஊரின் பெயரால் சிறப்புற்ற பொருளை, வேற்றிடத்தார் அப்பெயர் சூட்டி விற்றல் கூடாது எனக் காக்கும் சட்டவழிச் சான்று அது.

பெயருக்குக் காப்புக் கிடைத்தமையால் மட்டும் பொருள் விற்றுவிடாது. சிற்பியின் பட்டறை கள்ளக்குறிச்சியில் இருக்கிறது; வாங்குவோரோ சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றனர். அவர்களுடைய கேள்விகள் கண்காட்சியிலும், தொலைபேசியிலும், கடிதத்திலும், கைப்பேசிச் செய்தியிலுமாகப் பல வழிகளில் வருகின்றன. ஒரு சிற்பக்கூடத்தை எண்ணிப் பார்ப்போம். தைத் திங்களில் நிகழ்ந்த கண்காட்சியில் ஒருவர் வந்து, "ஆவணியில் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழா. தலைவாயிலுக்கு வேலைப்பாடமைந்த கதவு வேண்டும். சித்திரையில் என்னோடு பேசுங்கள்" என்று கூறி, முகவரியும் எழுதிக் கொடுத்துச் சென்றார் என்று கொள்வோம். அத்துண்டுத்தாள் வேறு பல தாள்களோடு தகரப் பெட்டிக்குள் போயிற்று. சித்திரை வந்தது, தாள் அகப்படவில்லை. அவர் தம் கதவை வேறோரிடத்தில் வாங்கிக்கொண்டார். சிற்பியிடம் மரம் இருந்தது, உளி இருந்தது, கைத்திறன் இருந்தது. மூன்று திங்கள் பணியும் அதற்குரிய கூலியும் கைநழுவியது ஒரு தாளைத் தேடி எடுக்க இயலாமையாலேயே அன்றோ?

வினவுநர்: இவ்வாறு வாங்கும் விருப்பத்தோடு கேட்டு, இன்னும் வாங்காமல் இருப்பவரை வணிகத்துறையினர் 'லீடு' என்னும் ஆங்கிலச் சொல்லால் குறிப்பர். இப்பாடத்தில் அவரை வினவுநர் என்போம். வினவுநர் வேறு, வாடிக்கையாளர் வேறு. வினவுநர் வாங்கவும் கூடும். வாங்காமல் விடவும் கூடும். உரிய காலத்தில் கிடைக்கும் மறுமொழி அவரை வாடிக்கையாளராக்கும். ஆதலின், அவர் யார், எவ்வூரினர், எதை விரும்பினார், எப்போது பேசச் சொன்னார் என்பனவெல்லாம் மறவாமல் போற்றுதற்கு உரியன.

பழைய முறைகள்: செய்தியைத் தேடி எடுக்கும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. கணக்கர் இருவகை ஏடுகளை வைத்திருந்தனர். ஒவ்வொரு நாளும் நிகழ்ந்த வரவு செலவை நிகழ்ந்த முறைப்படியே எழுதுவது குறிப்பேடு. அதே செய்தியை ஒவ்வொருவர் பெயரின்கீழும் பிரித்து எழுதுவது பேரேடு. "இன்று என்ன நிகழ்ந்தது?" என்னும் கேள்விக்குக் குறிப்பேடு விடை கூறும். "இவர் நமக்கு எவ்வளவு தரவேண்டும்?" என்னும் கேள்விக்குப் பேரேடு விடை கூறும். செய்தி ஒன்றே, அடுக்கும் முறை இரண்டு. எந்தக் கேள்விக்கு விடை வேண்டுமோ அதற்கேற்ப அடுக்கி வைத்தலே தேடலை எளிதாக்கும் என்பதை இதனால் அறியலாம்.

சொற்களைத் தொகுத்த புலவரும் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர். திவாகரம் முதலிய பழைய நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்றவாறு பொருள் வகையால் சொற்களைத் தொகுத்தன. அவற்றை மனப்பாடம் செய்தோர்க்கே அவை எளிதில் பயன்பட்டன. 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்தின் அகரவரிசைப்படி அமைத்து அகராதி நிகண்டை இயற்றினார். 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். அது பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளை உடையது. ஒரு சொல்லின் பொருள் வேண்டுவோர் பெயரகராதியைப் புரட்டலாம். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை வேண்டுவோர் பொருளகராதியைப் புரட்டலாம். மும்மை, நான்மை எனத் தொகுத்துக் கூறுவனவற்றின் விரிவை வேண்டுவோர் தொகையகராதியை நாடலாம். செய்யுள் இயற்ற எதுகைச் சொல் வேண்டுவோர் தொடையகராதியை நாடலாம். தேடுவோர் பல வாயில்களின் வழியே நுழையத்தக்கவாறு அமைந்த நூல் அது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்தை உலகறியச் செய்தவர் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் ஆவார். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931ஆம் ஆண்டில் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். படிப்பவரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. 1933ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலின் பொருளை இடம், காலம் முதலிய பல கூறுகளாகப் பிரித்துக் காட்டியது. ஒன்றனைப் பல கூறுகளாகப் பிரித்துக் குறித்தால், எந்தக் கூற்றைக் கொண்டும் அதனைத் தேடலாம் என்பது அம்முறையின் பயன்களுள் ஒன்று.

கணினிப் பேரேடு: மேற்கூறிய அனைத்தையும் வாணிகத்திற்காக ஒருங்கே செய்யும் மென்பொருளுக்கு வாடிக்கையாளர் உறவு மேலாண்மை முறைமை என்று பெயர். அதில் ஒவ்வொரு வினவுநருக்கும் தனிப் பதிவு உண்டு. பெயர், ஊர், தொலைபேசி எண், விரும்பிய பொருள், செய்தி வந்த வழி, இன்றைய நிலை, அடுத்துப் பேசவேண்டிய நாள், பொறுப்பாளர் எனப் பதிவு பல கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். செய்திகளை இவ்வாறு வரிசையும் கட்டமுமான அட்டவணைகளில் அமைத்து வினவும் முறைக்கு அடிப்படை வகுத்தவர் எட்கர் காட் என்னும் அறிஞர். 1970ஆம் ஆண்டில் அவர் தம் கருத்தை வெளியிட்டார்.

தமிழ்நாட்டிலும் இவ்வகை மென்பொருள் உருவாகிறது. ஸ்ரீதர் வேம்புவும் டோனி தாமசும் பிறரும் சேர்ந்து 1996ஆம் ஆண்டில் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிய நிறுவனம், 2005ஆம் ஆண்டில் இத்தகைய மென்பொருளை வெளியிட்டது. 2009ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஜோஹோ எனப் பெயர் மாறியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அது, 2011ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அலுவலகம் அமைத்தது. சென்னையில் 2010ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனமும் இத்துறையில் ஈடுபட்டுள்ளது.

கணினி தேடும் விதம்: ஆயிரம் பதிவுகள் உள்ள ஏட்டில் ஒரு பெயரைத் தேட முதல் வரியிலிருந்து படித்துச் சென்றால், ஆயிரம் வரிகளையும் படிக்க நேரலாம். பெயர்கள் அகரவரிசையில் இருப்பின் அத்துணை உழைப்பு வேண்டா. நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் பெயர் அதற்கு முன்னுள்ளதா, பின்னுள்ளதா என்று பார்க்கலாம். வேண்டாத பாதியை விடுத்து, எஞ்சிய பாதியின் நடுவைத் திறக்கலாம். இங்ஙனம் பாதி பாதியாகக் குறைத்தால் ஆயிரம் பெயருக்குப் பத்து முறை பார்த்தலே போதும். பத்து லட்சம் பெயருக்கும் இருபது முறையே போதும். கணினி ஒவ்வொரு கட்டத்திற்கும் இத்தகைய அடைவுகளை அமைத்துக்கொள்ள வல்லது. பெயருக்கு ஓர் அடைவு, ஊருக்கு ஓர் அடைவு, எண்ணுக்கு ஓர் அடைவு என அவை அமையும். கணக்கர் ஒரு செய்தியை இரண்டு ஏடுகளில் எழுதினார். கணினியோ ஒருமுறை எழுதியதைப் பல பேரேடுகளாகக் காட்டுகிறது.

தேடும் வழிகள்: இம்முறைமையில் மூன்று வழிகளில் தேடலாம். முதலாவது, ஒரு சொல்லைக் கொடுத்துப் பதிவுகள் முழுவதிலும் தேடல். வினவுநரின் பெயரோ எண்ணோ தெரிந்திருந்தால் இது விரைவானது. இரண்டாவது, ஒரு கட்டத்தை மட்டும் குறித்துத் தேடல். 'சேலம்' என்று பொதுவாகத் தேடினால் சேலத்தில் வாழ்பவரும் வருவர். சின்னசேலத்தில் வாழ்பவரும் வரக்கூடும். தம் நிறுவனப் பெயரில் சேலம் என்னும் சொல்லை உடையவரும் வருவர். ஊர் என்னும் கட்டம் 'சேலம்' என்பதற்குச் சமமாக இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தால், வேண்டியவர் மட்டுமே வருவர். 'சமம்', 'தொடங்குவது', 'உள்ளடக்கியது' என்னும் மூன்றும் வெவ்வேறு விடைகளைத் தரும் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, பல வரையறைகளைச் சேர்த்துத் தேடல். இங்கே சொற்பொருளில் மிகுந்த கவனம் வேண்டும். "சென்னையினரும் கோயம்புத்தூரினரும் யார் யார்?" என்று நாம் கேட்டால், இரண்டு ஊரினரையும் சேர்த்துக் காட்டுக என்பதே பொருள். ஆனால், கணினியில் 'ஊர் சென்னை மற்றும் ஊர் கோயம்புத்தூர்' என்று வரையறுத்தால், இரண்டு கட்டளைகளும் ஒரே பதிவில் ஒருங்கே உண்மையாதல் வேண்டும் என்று அது கொள்ளும். ஒருவரே ஒரு கட்டத்தில் இரண்டு ஊரினர் ஆகார்; ஆதலின் ஒருவரும் அகப்படார். அங்கே 'அல்லது' என்று கூறுதலே முறை. 'மற்றும்' என்பது விடையைச் சுருக்கும். 'அல்லது' என்பது விடையைப் பெருக்கும். 'சென்னை அல்லது கோயம்புத்தூர்' என்பதை ஓர் அடைப்புக்குள் வைத்து, அதனோடு 'பொருள் கதவு' என்பதை 'மற்றும்' என்னும் சொல்லால் இணைத்தால், அவ்விரு நகரங்களிலும் கதவை விரும்பியவர் மட்டும் வருவர். அடைப்பு இடம் மாறினால் விடையும் மாறும்.

அகப்படாமைக்குக் காரணங்கள்: இருக்கும் பதிவே தேடலில் அகப்படாமற் போதலும் உண்டு. அதற்குரிய காரணங்கள் சில. ஒன்று, எழுத்து வேறுபாடு. கள்ளக்குறிச்சி என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ககர ஒலிக்குரிய எழுத்தை ஒருகால் ஒன்றாகவும் ஒருகால் இரண்டாகவும் இடுகின்றனர். கோயம்புத்தூரைக் கோவை என்றும், உதகமண்டலத்தை உதகை என்றும் ஊட்டி என்றும் எழுதுகின்றனர். மனிதர் இவற்றை ஒன்றென அறிவர். கணினி வேறுவேறெனக் கொள்ளும். ஊர்ப்பெயரை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எழுதாமல், முன்னரே அமைத்த பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கச் செய்தால் இக்குறை நீங்கும்.

தமிழ் எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் இடலாம். கொம்பு, கால் என்னும் இரண்டு குறிகளாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றை ஒன்றாக்கிக் கொள்ளும் ஏற்பாடு மென்பொருளில் இல்லையெனின், ஒருவகையால் எழுதிய பெயரை மற்றொரு வகையால் தேடும்போது காண இயலாது. கால் இட வேண்டிய இடத்தில் ரகரத்தை இடும் பிழையும் அத்தகையதே.

மற்றொன்று, எண்ணை எழுதும் முறை. தொலைபேசி எண்ணைச் சிலர் பத்து இலக்கமாக எழுதுவர். சிலர் முன்னே சுழியம் சேர்ப்பர். சிலர் நாட்டுக் குறியீடாகிய 91 சேர்ப்பர். சிலர் இடையில் இடம்விட்டு எழுதுவர். ஒரே முறையைப் பின்பற்றினால், ஒருவரே இருமுறை பதிவாகும் இரட்டைப் பதிவையும் கண்டு இணைத்துவிடலாம். இன்னும் ஒன்று, நிலைமாற்றம். வினவுநர் வாங்க இசைந்ததும் அவரை வாடிக்கையாளர் பகுதிக்கு மாற்றுவர். பின்னர் அவர் பெயரை வினவுநர் பட்டியலில் தேடினால் காண இயலாது, அவர் தொலைந்துபோகவில்லை, இடம்பெயர்ந்துள்ளார். இவையன்றி, ஒவ்வொருவருக்கும் பார்க்க உரிமையளிக்கப்பட்ட பதிவுகளே அவர்தம் தேடலில் தோன்றும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சிறந்த தேடல்: பெயர் அறிந்தவரைத் தேடி எடுத்தல் எளிய செயல். நாம் மறந்தே போனவரைத் தேடி எடுத்தலே இம்முறைமையின் சிறந்த பயன். 'அடுத்துப் பேசவேண்டிய நாள் இன்றோ, இன்றைக்கு முன்னோ. நிலை இன்னும் முடிவுறவில்லை' என்று வரையறுத்து, அவ்வரையறையை ஒரு பெயரிட்டுச் சேமித்து வைக்கலாம். ஒவ்வொரு நாட்காலையிலும் அதனைத் திறந்தால், நம் மறுமொழிக்குக் காத்திருப்போர் யாவர் என்பது விளங்கும். மலையில் கடுக்காயும் தேனும் திரட்டுவோர்க்கும் இம்முறை பயன்படும். அவை பருவத்தில் கிடைப்பவை. கேட்பவரோ பருவமல்லாத காலத்திலும் கேட்பர். 'தேன் விரும்பியவர், சரக்கு இல்லாமையால் காத்திருப்பவர்' என்று குறித்து வைத்தால், சரக்கு வந்தவுடன் அவர்களைத் தேடி எடுத்து நேரே அறிவிக்கலாம். வாங்குவோரோடு நேர்த்தொடர்பு இருப்பின், இடைத்தரகர் கூறும் விலையையே ஏற்கவேண்டிய நெருக்கடியும் குறையும்.

எனினும், கணினி தானே எதனையும் அறியாது. எழுதாததை அது தேடித் தாராது. 'ஒருவர் வந்தார், கதவு கேட்டார்' என்று மட்டும் எழுதி வைத்தால், எத்துணை விரைவான கணினியும் ஊரையோ நாளையோ கூற இயலாது. பத்துப் பேர் மட்டுமே வினவும் சிறு பட்டறைக்கு ஒழுங்காகக் கோடிட்ட குறிப்பேடே போதும். பலர் பல வழிகளில் வினவத் தொடங்கி, பதிவு பெருகும்போதுதான் கணினிப் பேரேடு இன்றியமையாததாகும். கருவி எதுவாயினும், பதியும்போது செலவிடும் ஒரு நிமிடமே தேடும்போது ஒரு நாளைக் காக்கும்.

அறமும் சட்டமும்: இப்பதிவுகளில் உள்ளவை வெறும் எழுத்தும் எண்ணும் அல்ல, நம்மை நம்பித் தம் பெயரையும் முகவரியையும் கொடுத்த மக்களின் செய்திகள். ஒருவர் கதவின் விலையறியக் கொடுத்த எண்ணை, அவர் அறியாமல் வேறொரு வணிகர்க்கு விற்றல் நம்பிக்கையைக் கெடுக்கும் செயலாகும். 2023ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர்தம் செய்தியைக் கூறிய நோக்கத்திற்கே பயன்படுத்துதல் வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்துகிறது. வாணிகர்க்குரிய ஒழுக்கத்தை வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலேயே வைத்துக் கூறினார். பிறருடைய பொருளைப் போலவே பிறருடைய செய்தியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதொன்று என்று கருதுதல் அந்நடுவுநிலைமையின்பாற் படும்.

ஆகவே, தேடும் திறன் விசைப்பலகையைத் தட்டுவதில் தொடங்குவதன்று. பிறர் கூறுவதைக் கூர்ந்து கேட்டலில் தொடங்குவது. கேட்டதைப் பிழையின்றி எழுதுதல், ஒரே முறையில் எழுதுதல், குறித்த நாளில் எடுத்துப் பார்த்தல், கூறிய சொல்லைக் காத்தல் ஆகிய நான்கும் அமைந்தவரிடம் கணினி சிறந்த ஏவலாளாகப் பணிபுரியும். அவை அமையாதவரிடம் அது மற்றுமொரு தகரப் பெட்டியே ஆகும். கள்ளக்குறிச்சிச் சிற்பியின் உளி நுட்பமும், கல்வராயன் மலையினர் உழைப்பும் உரிய பயனைப் பெறுதற்கு, இந்நான்கு பண்புகளையும் மாணவப் பருவத்திலேயே பயின்ற இளைஞர் துணைநிற்பாராக.